புட்டு ஆவியில் நிமிர்ந்த தொப்பி

சிட்னியில இருந்து வந்த அத்தான், அதுதான் என்ரை அக்காவின்ரை மனுசன், வெம்பிளிக் கடைத்தெருவில அகலத் தொப்பியோடை நடந்ததில என்ரை மானம் போச்சுது. மாடே இல்லாத இடத்தில மாடு மேய்க்கிற தொப்பி! "முயல் மயிரை அமத்திச் செய்தது. அவுஸ்திரேலியா போன புதுசில வாங்கினது" எண்டு கேக்காத ஆக்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கிங்ஸ்பரியில எங்கடை வீட்டுக்கு வந்ததும், விளிம்பு நெளிஞ்சுபோகும் எண்டு அதைச் சோபாவில மல்லாத்தி வைச்சார். குசினியில புட்டை அவிய வைச்சுப்போட்டு வந்த நான், பார்க்காமல் அதுக்கு மேலை இருந்திட்டன். பார்க்காமல்தான். ஆனால் எழும்ப அவசரப்படேல்லை.

தொப்பி தோசை மாதிரித் தட்டையாய்க் கிடந்தது.

"ஐயோ அத்தான், இனி எறியத்தான் வேணும்" எண்டன், உள்ளுக்குள்ளை சந்தோசமாய்.

"ஏன் எறிவான்? புட்டுப் பானையை இறக்காதை பிள்ளை."

புட்டு அவிஞ்ச ஓலை நீத்துப்பெட்டியைப் பானை வாயிலயிருந்து எடுத்து வைச்சிட்டு, பானை ஆவியில தொப்பியைச் சுத்திச் சுத்திப் பிடிச்சார். இளகினதும் உள்ளுக்கிருந்து விரலால தள்ளி, விளிம்பை மெல்ல வளைச்சார். தொப்பி பழையபடி நிமிர்ந்திட்டுது. மாரிக்கு மாரி ஜாக்கெட் வாங்கிக் குப்பையில போடுற நான் கிட்டப் போய் விளிம்பைத் தடவிப் பார்த்தன்.

"போட்டுப் பார்" எண்டு நீட்டினார்.

அத்தானின்ரை பீத்தல் எனக்கு இண்டைக்கும் பிடிக்காது. ஆனால் அண்டைக்குக் கண்ணாடியில பார்த்ததை அவருக்கு நான் இன்னும் சொல்லேல்லை. அந்தக் கோதாரித் தொப்பி எனக்கு நல்ல வடிவாயிருந்தது.