மூன்றாம் அடியில் தடுக்கிய கித்தார்

அந்த ஐந்து மாதங்களில் எங்கள் தெருவுக்கு மிகவும் பழகிப்போன சத்தம் என் அண்ணனுடைய கித்தாரின் சத்தம்தான். அதுவும் ஒரே பாட்டின் முதல் இரண்டு அடிகள். கல்யாண வீடுகளில் எல்லாரும் பாடுகிற சாதாரண நலங்குப் பாட்டு அது. மொத்தம் நாலே அடி. பெண்கள் வாயால் பாடினால் ஒரு வெற்றிலையை மடிப்பதற்குள் முடிந்துவிடும். அண்ணனோ மூன்றாம் அடியில் கால் வைப்பான், விரல் தடுக்கும், உடனே முதல் அடிக்குத் திரும்பிவிடுவான். எதிர்வீட்டுக்காரி அந்த இரண்டு அடிக்குத் தாளம் போட்டு மோர் கடையக் கற்றுக்கொண்டாள்.

"இன்னாடி, ஒங்கண்ணன் வண்டி ஏரிக்கர சேத்துலயே நிக்குது. மூணாவது அடி இருக்குதா இல்லியா அந்த சொரக்காயில?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுடும். அந்த வண்டியைச் சேற்றில் இறக்கியவள் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் பேனாவைப் பிடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கு அதுகூட இல்லை. புதுச்சேரியில் அத்தை வீட்டில் தங்கி, கன்னியாஸ்திரீகளிடம் படித்து, பிரெஞ்சில் பரீட்சை தேறி, எங்கள் பாகூர்ப் பக்கத்திலேயே பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாகச் சேர்ந்தேன். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அண்ணன் சைகோனில் ஒரு சரக்குக் கிடங்கில் காவல் வேலைக்குப் போயிருந்தான். நான்கு வருடம். அவன் யாரிடமாவது சொல்லி எழுதி அனுப்புகிற கடிதம் வந்தால் எங்கள் வீட்டு முற்றத்தில் பத்துப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணி மட்டும் தூணோரம் நின்று கேட்பாள். மூன்றாம் வருடம் வந்த ஒரு கடிதத்தில் அவன் வழக்கம்போல மழை, காய்ச்சல், கிடங்கு மேஸ்திரி என்று எழுதிவிட்டு, கடைசியில், 'இங்கே ஒருவன் ஊருக்குப் போகும்போது தன் கித்தாரை விற்றுவிட்டுப் போனான். நான் வாங்கி வைத்திருக்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டும்' என்று எழுதியிருந்தான். ஊருக்கு எப்போது வருவான் என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணியின் முகம் சுருங்கிக்கொண்டே போவதைப் பார்த்தேன். நான் படித்தேன்: 'கித்தார் வாசிக்க நன்றாகக் கற்றுக்கொண்டேன். ஊருக்கு வந்ததும் உனக்கு வாசித்துக் காட்டுவேன்.'

இரண்டு வரிதான். அந்த இரண்டு வரியை அண்ணி மண்ணாடிப்பட்டில் இருக்கிற தன் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.

மறு வருடம் ஆவணியில் அண்ணன் வந்து இறங்கினான். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தெரு கூடிவிட்டது. "கித்தார எடுப்பா, வாசி" என்றார்கள். அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "கப்பல் காத்துல நரம்பெல்லாம் எறங்கிப் போச்சி. சரி பண்ணணும்" என்று சமாளித்தான். மறுநாள் காலை கிணற்றடியில் என்னைப் பிடித்தான்.

"இன்னாடி, நான் எப்ப கத்துகினேன்?"

நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வாளியில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டான்.

"சரி, வுடு. நீ படிச்சது பொய்னு ஊருக்குத் தெரியக்கூடாது. கத்துக்கறேன்" என்றான்.

அண்ணியின் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் மண்ணாடிப்பட்டிலிருந்து சேதியும் வந்துவிட்டது: நலங்கின்போது சைகோன் மாப்பிள்ளை கித்தார் வாசிக்க வேண்டும். "எங்க அக்காளுங்க வாய் ஒனக்குத் தெரியாது பாப்பா" என்று அண்ணி என்னிடம் சொன்னாள். "நாலு வருசமா புருசன் கப்பல்ல ஓடிட்டான்னு பேசனவங்க. அவரு அங்க உக்காந்து மென்னு முழுங்கனாருன்னா அவங்க எதிர்ல நான் அப்பறம் நிமுந்து நிக்க முடியாது."

நாலு அடிப் பாட்டு. ஐந்து மாதம். எனக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. கித்தாரோடு பிரெஞ்சில் ஒரு போதனைப் புத்தகம் இருந்தது. அதைப் படிக்க நான் இருந்தேன். முன்பக்கங்கள் படம் ஒன்றும் இல்லாமல் பொடி எழுத்தாக இருந்ததால் அவற்றைத் தாண்டிப் படங்களுக்குப் போனேன். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் சின்ன மணைமேல் ஒரு காலை வைத்து உட்கார்ந்திருந்தார். மணைக்குப் பதில் மரக்காலைக் கவிழ்த்து அண்ணன் காலுக்குக் கீழே வைத்தேன். நெல் அளக்கிற மரக்காலில் கால் படுவதா என்று அம்மா பிடுங்கிக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு செங்கல். எந்த நரம்பில் எத்தனையாவது கட்டையில் எந்த விரல் என்பதை நலங்குப் பாட்டுக்கு நானே கேட்டுக் கண்டுபிடித்து, சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் எண்களாக எழுதினேன். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் உட்காருவான். உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டிலிருந்து மாடு ஓட்டுகிற நேரம் வரை எழுந்திருக்க மாட்டான். விரல் நுனி சிவந்து வீங்கிவிடும். அடுத்த ஆறு நாள் கித்தார் ஆணியில் தொங்கும். அடுத்த ஞாயிறு விரல்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்து நிற்கும். மூன்றாம் அடியில் தடித்த நரம்பிலிருந்து மெல்லிய நரம்புக்குச் சுண்டுவிரல் தாவ வேண்டும். அது தாவாது. ஒரு பொய்யான சத்தம் வரும். அண்ணன் நாக்கைக் கடித்துக்கொள்வான். மறுபடியும் முதல் அடி.

"ஏண்ணா, தப்பு மூணாவது அடியில. மொத அடி உன்ன இன்னா பண்ணிச்சி?"

"தப்பாயிடுச்சில்ல. மொதல்லருந்து வரணும்."

"மொதல்லருந்து வந்தா மட்டும் அங்க தப்பு வராதா?"

"கணக்கு வுட்டுப் போச்சின்னா மறுபடியும் லாபத்துலருந்துதான்" என்றான் அவன், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். அப்புறம் இரண்டு, மூன்று. நடுவில் எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் அளந்தது எல்லாவற்றையும் திரும்பக் குவியலில் கொட்டி, லாபத்திலிருந்து தொடங்க வேண்டும். அண்ணன் அளந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தை அப்படியே கித்தாருக்குக் கொண்டுவந்திருந்தான். ஒரு விரல் தவறினால் அதற்கு முன் சரியாக வந்ததெல்லாம் செல்லாது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கித்தாரைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எழுதியவளே நான், எனக்கு வராதா? முதல் அடி வந்தது. இரண்டாம் அடி வந்தது. மூன்றாம் அடியில் என் சுண்டுவிரலும் தாவவில்லை. நான் என்ன செய்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். முதல் அடிக்குத் திரும்பினேன். மறுபடி தடுக்கியது. மறுபடி திரும்பினேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும்போது ஒரு வார்த்தை தவறினால் முதல் வரியிலிருந்து சொல்லச் சொல்வார்கள். ஏழு வருடம் அப்படித்தான் ஒப்பித்தேன். இப்போது என் பிள்ளைகளையும் அப்படித்தான் ஒப்பிக்க வைக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி நடவிலிருந்து வந்தாள். முழங்கால் வரை சேறு. கழுவாமல் அப்படியே முற்றத்தில் நின்று பார்த்தாள். புரட்டாசி வெயிலில் சேறு அவள் காலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணன் வாசிச்சாலும் அதே எடம். தங்கச்சி வாசிச்சாலும் அதே எடம். நல்ல குடும்பம்" என்றாள்.

"நீங்க வந்து வாசிச்சிப் பாருங்க அண்ணி" என்றேன், கோபத்தோடு.

"எனக்கு வாசிக்கத் தெரியாது. நடத் தெரியும். நடவுல ஒரு நாத்து மெதந்துதுன்னா வரப்புக்குப் போயி மொதல்லருந்தா நடறோம்? மெதந்தத அங்கியே ஊணிட்டு நவுர்றோம். மெதக்காத நாத்தயெல்லாம் புடுங்கிப் புடுங்கி நட்டுகினு இருக்கீங்க ரெண்டு பேரும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த எண்களைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அண்ணி கையில் எங்கள் பிழைப்பு போய்ச் சேர்ந்தது. காலையில் மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம். விரல் வலிப்பதற்கு முன்பே எழுந்துவிட வேண்டும். பாட்டே கிடையாது. சுண்டுவிரல் தாவுகிற அந்த மூன்று சத்தம் மட்டும், எருமை நடக்கிற வேகத்தில். சரியாக வந்தால் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுவாள். தவறினால் தள்ளிய கொட்டையைத் திருப்பி எடுக்க மாட்டாள். "போனது போனதுதான். அடுத்தது" என்பாள். அண்ணனுக்கு இது அநியாயமாகப் பட்டது. தப்பு செய்தும் கணக்கு நிற்கிறதே என்று ஆற்றாமைப்பட்டான்.

என் பங்கும் ஒன்று உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். நடவுப் பெண்கள் பின்னோக்கித்தான் நகருவார்கள். அதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, பாட்டையும் கடைசியிலிருந்து கற்றால் என்ன என்று தோன்றியது. நாலாம் அடியை முதலில். அது வந்ததும் மூன்றும் நாலும். அப்புறம் இரண்டிலிருந்து. இப்படிக் கற்றால் வாசிக்க வாசிக்கத் தெரிந்த இடத்துக்குப் போய்க்கொண்டிருப்போம். தெரியாத இடத்துக்கு அல்ல. கார்த்திகை மழையில் நரம்புகள் ஊறித் தொய்ந்து தினமும் சண்டித்தனம் செய்தன. அப்படியும் மார்கழி பிறப்பதற்குள் அண்ணன் நாலு அடியையும் எட்டிவிட்டான். அந்த வாரம் புத்தகத்தின் பொடி எழுத்துப் பக்கங்களைச் சும்மா புரட்டினேன். தடுக்கும் இடத்தை மட்டும் மெதுவாகத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. புத்தகத்தை மூடி உறியில் வைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். மண்ணாடிப்பட்டுக்குப் போவதற்குள் பிரெஞ்சு எல்லை முடிந்து இங்கிலீஷ் எல்லை வரும். அது முடிந்து மறுபடி பிரெஞ்சு எல்லை வரும். நடுவில் சுங்கச் சேவகன் வண்டியை நிறுத்தினான். கித்தாரைத் தட்டிப் பார்த்தான். "சீமச் சரக்கு. விக்க எடுத்துகினு போறீங்க" என்றான். சொந்த வாத்தியம் என்று அண்ணன் சொன்னான். "அப்ப வாசி, பாக்கலாம்."

அண்ணன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு தொடங்கினான். முதல் அடி முடிந்தது. "சரி, சரி, போ" என்று சேவகன் கையைக் காட்டினான். நான் வண்டிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். ஊரே கேட்டுச் சலித்த அந்த முதல் அடி இந்த ஒரு ஆளுக்குப் போதுமாக இருந்தது.

நலங்கு பிற்பகலில். மணமக்கள் தேங்காய் உருட்டி முடித்திருந்தார்கள். அண்ணியின் இரண்டு அக்காமாரும் முன்வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். "சைகோன் மாப்ள, பொட்டியத் தொறங்க. உள்ள இன்னா, பாம்பா?" என்றாள் மூத்தவள். சிரிப்பு அடங்கும்வரை அண்ணன் காத்திருந்தான். செங்கல் இல்லாததால் ஒரு சொம்பைக் கவிழ்த்துக் காலை வைத்துக்கொண்டான்.

முதல் அடி. இரண்டாம் அடி. மூன்றாம் அடியில் சுண்டுவிரல் தாவியது, சரியாகவே தாவியது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த சத்தம் தவறிவிட்டது. அவன் கை நின்றது. முதல் நரம்பை நோக்கி அது நகருவதை நான் பார்த்தேன். ஐந்து மாதமும் அந்தக் கையோடு திரும்பிப் போகப்போகிறது. அண்ணி கல்யாணப் பெண்ணுக்குப் பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தாமல், "நவுரு" என்றாள்.

அவன் நகர்ந்தான். மூன்றாம் அடி முடிந்தது. நாலாம் அடி, அவன் எல்லாவற்றுக்கும் முன்பு கற்றுக்கொண்ட அடி, தானாக ஓடிப்போய் நின்றது. தவறிய சத்தத்தை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை.

"அவ்ளோதானா?" என்றாள் இளைய அக்காள். ஐந்து மாதம் நாங்கள் பட்டதற்கு அவள் கொடுத்த மரியாதை அது. "இன்னொரு வாட்டி வாசிங்க மாப்ள. நாங்க பாடறோம்."

வேறு பாட்டு கேட்காமல் இருந்தார்களே என்று நான் தெய்வத்தைக் கும்பிட்டேன். அவன் வாசித்தான், அவர்கள் பாடினார்கள். அண்ணி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரும்பும்போது வண்டியில் அண்ணன் தூங்கிவிட்டான். நான் கடிதத்து விஷயத்தை அண்ணியிடம் சொல்லிவிடத் தீர்மானித்து வாயைத் திறந்தேன்.

"தெரியும்" என்றாள் அவள். "அந்த ரெண்டு வரி படிக்கசொல்ல ஒன் கண்ணு காயிதத்து மேல இல்ல. எம்மேல இருந்திச்சி."

"தெரிஞ்சா பின்ன ஏன் அண்ணி மண்ணாடிப்பட்டுல போயி சொன்னீங்க?"

"வேற இன்னா இருந்திச்சி பாப்பா, அங்க போயி சொல்றதுக்கு."

அண்ணன் மடியிலிருந்து சரிந்த கித்தாரை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அண்ணன் இரண்டாவது பாட்டைத் தொடங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளின் சிலேட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் அடியில் விரல் தடுக்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டான். கை, எதுவுமே நடக்காதது போல, முதல் அடிக்குப் போனது. நான் தலையில் அடித்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் அடுப்படியிலிருந்து குரல் வந்துவிட்டது.

"வரப்புக்குப் போவாத."