பெரியபாளையம் ரோட்டுக்கு எதற்கு ரேஸ் பேட்?

போன மாதம் ஒரு காலையில் என் கார் வைக்கோல் தின்றது.

நிஜமாகத்தான். திருவள்ளூரைத் தாண்டி, பெரியபாளையம் போகிற ரோட்டில் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர், ட்ரெய்லர் கொள்ளாமல் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. லேசான தூறல். ரோட்டோரம் யாரோ கைகாட்ட, டிராக்டர் சட்டென்று நின்றது. நானும் பிரேக்கை மிதித்தேன். கார்... யோசித்தது! நிற்கலாமா, வேண்டாமா என்று கமிட்டி போட்டுப் பேசி முடித்து, கடைசியில் மூக்கை வைக்கோலுக்குள் புதைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுக்க மஞ்சள். வைப்பரைப் போட்டால் வைக்கோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது.

டிராக்டர்காரர் இறங்கி வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, காரா மாடா இது? நேரா வந்து வைக்கோல்ல வாய வெக்குது!"

வேறு ஒரு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. பக்கத்து சீட்டில் கஸ்தூரி இருந்தாள். ஏழு மாதம். இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கஸ்தூரி யார் என்று சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கெமிக்கல் கம்பெனியில் அவள்தான் சேஃப்டி ஆபீசர். நான் அங்கே லேபில் கெமிஸ்ட். எனக்கு வீடு கடம்பத்தூர், அவளுக்குத் திருவள்ளூர். தினமும் அவளை ஏற்றிக்கொண்டு போவேன். ஊரில் பாதிப் பேரைப் பற்றியும், கம்பெனியில் மீதிப் பேரைப் பற்றியும் நாங்கள் பேசித் தீர்ப்பது அந்த ரோட்டில்தான். அப்படிப்பட்டவள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

வண்டியைத் திருப்பி நேராக அவளுடைய டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்துவிட்டு, "பேபி நல்லா இருக்கு, ஒண்ணும் பயமில்ல" என்றார். 

வாசலுக்கு வந்ததும் கஸ்தூரி கேட்டாள். "அக்கா, பிரேக் மாத்திட்டேன்னு சொன்னீங்களே?"

"மாத்திட்டேனே! புதுசு. ரேஸ் பேட்."

"ரேஸா? யாரு கூட?"

நான் ஹேண்ட்பேகில் சாவியைத் தேடினேன். "நாளையிலேர்ந்து நான் பஸ்ல போய்க்கிறேன்க்கா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட சமாதானம் செய்திருப்பேன். கம்பெனியில் ஓட்டை ஹெல்மெட்டை ஓரமாக எடுத்து வைப்பாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

சரி, யாரோடு ரேஸ்? அதற்கு முரளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முரளி என் கொழுந்தன். எங்கள் குடும்ப நிலத்தில் நெல் போடுவது அவன்தான். நாற்று, தண்ணீர், அறுவடை எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். குறை சொல்ல முடியாது. மோட்டார் ஓடுகிற நேரத்தில் வரப்பில் உட்கார்ந்து மொபைலில் கார் வீடியோ பார்ப்பான். அங்கேதான் வந்தது வினை. அவனிடம் கார் கிடையாது. ஆகவே உலகத்தில் இருக்கும் கார் அறிவையெல்லாம் என் காரில் பரீட்சித்துப் பார்ப்பான்.

முன் சக்கரத்தில் கிறீச் என்று சத்தம் வந்து, பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று தெரிந்ததும், நான் பாவம், இருந்த மாதிரியே ஒன்று வாங்கிப் போடலாம் என்றுதான் நினைத்தேன். முரளி விடவில்லை.

"அண்ணி, எல்லாரும் போடறதையே நீங்களும் போட்டா அப்புறம் இன்னாத்துக்கு அண்ணி? இது ரேஸ் ட்ராக்குல போடறது. சக்கரத்தோட சுத்தற டிஸ்க்கு நெருப்பா செவந்தாலும் புடியை விடாது!"

ஆன்லைனில் வரவழைத்தான். பெட்டியைத் திறந்தால் பேட் ரத்தச் சிவப்பு. சக்கரத்துக்குள் மாட்டியதும் வெளியே ஒரு கீற்றுதான் தெரியும். அந்தக் கீற்றைக்கூட ஒரு ஃபோட்டோ எடுத்தான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பார்க்கிங்கில் இரண்டு பேரிடம் நானே காட்டினேன்.

முதல் நாள் காலையிலேயே பிரேக் கொஞ்சம் மரத்துப்போன மாதிரி இருந்தது. 'புதுசு, பழகிடும்' என்று விட்டுவிட்டேன். புதுச் செருப்பு கடித்தால் அப்படித்தானே சொல்கிறோம்?

டாக்டரிடம் போய்வந்த அன்று லேபுக்குப் போனதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என் வேலையே சூடு சம்பந்தப்பட்டது. எங்கள் ரியாக்டரில் போடுகிற சரக்கு, இத்தனை சூடு ஏறினால்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே சும்மா கல் மாதிரி கிடக்கும். இதை வருகிற டிரெய்னிகளுக்கெல்லாம் வகுப்பு எடுப்பவள் நான். ரேஸ் பேடும் அதே கதைதானே! ரேஸில் ஓடுகிறவன் நிமிஷத்துக்கு நாலு தரம் பிரேக்கை அமுக்கிச் சூடாக்கிக்கொண்டே இருப்பான். அது கொதிக்கும், பிடிக்கும். திருவள்ளூரில் கஸ்தூரியை ஏற்றிக்கொண்டு கிளம்பி, காலி ரோட்டில் பிரேக்கையே தொடாமல் வந்து, தூறலில் சட்டென்று அழுத்தினால்? அது இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். நெருப்பாய்ச் சிவந்தாலும் விடாது, வாஸ்தவம். என் டிஸ்க் என்றைக்கு நெருப்பாய்ச் சிவந்தது? எருமைக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் வழிவிட்டே வாழ்க்கை போகிறது.

கல்யாண வீட்டு அண்டாவை வாங்கி வந்து அதில் ஒரு டம்ளர் காபி போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் கல்லாவைவிட்டு எழுந்திருக்காமலே, "இன்னா மேடம், செராமிக்கா, மெட்டல் கலந்ததா, சாதாவா?" என்றார். தோசைக்கடை மாதிரியே.

"காலையில வண்டி எடுத்ததும், சூடாகாம, மழையில, முதல் மிதியிலயே பிடிக்கணும். அது எது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் எத்தினி வருஷம் வரும்னுதான் கேப்பாங்க மேடம்."

"சொல்லுங்க."

"செராமிக்கு சத்தம் போடாது, வீல்ல கரி அடிக்காது. மெட்டல் நல்லா புடிக்கும், கொஞ்சம் கத்தும், டிஸ்க்கையும் தேய்க்கும். ரோட்டுல ஓட்டறதுக்குன்னே பண்ணினதா இருந்தா ரெண்டுமே முதல் மிதியில நிக்கும். நைனா, அந்த மேல் ராக்குல இருக்கறத எடு!" என்று உள்ளே இருந்த பையனுக்குக் குரல் கொடுத்தார்.

நான் எடுத்தது செராமிக். என் கார் மாடலுக்கு, தெருவில் ஓட்டுவதற்கென்று செய்தது; சீல் உடையாத பெட்டி. நிறம்? சாம்பல். ஃபோட்டோ எடுக்க ஒன்றுமே இல்லை. பேட்டை மாட்டிய மெக்கானிக்கிடம் பழைய பேடின் பொடி ஒட்டியிருந்த டிஸ்க்கையும் சுத்தம் செய்யச் சொன்னேன்.

அடுத்து, புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டுமாம். காலி ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்து, முழுசாக நிறுத்தாமல் மெதுவாக்கி, மறுபடி வேகம் எடுத்து... இப்படியே பல தரம். இதையும் சொன்னவன் முரளிதான். இந்தத் தடவை சரியாகச் சொன்னான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, எங்கள் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஈ காக்கா இல்லை. முரளி பக்கத்தில் உட்கார்ந்து, "ஏத்துங்கண்ணி... விடுங்கண்ணி... ஏத்துங்கண்ணி..." என்று கத்துகிறான். நான் ஓட்டுகிறேன், தயங்குகிறேன், ஓட்டுகிறேன். நாலாவது சுற்றில் ஒரு கம்பெனி செக்யூரிட்டி லத்தியோடு ரோட்டுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மேடம், எல் போர்டு கூட இல்லாம கத்துக்கினு இருக்கீங்க? சாரு சரியாவே சொல்லித் தரல. கிளட்ச்ச விட்டா தாவுது பாருங்க!"

நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகுதான் முரளிக்கு மீசையே முளைத்தது. அதையெல்லாம் அவரிடம் விளக்க முடியுமா? "புதுசுங்க" என்றேன். "பரவால்ல, பொம்பளைங்களுக்கு மெதுவாத்தான் வரும்" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போனார். முரளி சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே... அவன் தொடையில் ஒன்று வைத்தேன்.

மிச்சம் இருந்தது கஸ்தூரி. இந்த நாட்களில் அவள் இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்து, கால் வீங்கிப்போய்த்தான் ஆபீஸுக்குள் நுழைந்தாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள். அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. போன் செய்தேன். "பேட் மாத்திட்டேன் கஸ்தூரி."

"போன தடவையும் அதைத்தானேக்கா சொன்னீங்க?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சரி, நாளைக்கு நான் கடம்பத்தூர் வரேன். வண்டியைத் தொடாம வைங்க. ஜில்லுனு இருக்கணும்" என்றாள்.

மறுநாள் காலையில் அவள் கணவருடன் வந்து இறங்கினாள். ராத்திரி பெய்த மழையில் தெரு நனைந்திருந்தது. ஓர் இடத்தில் செங்கல் வைத்தாள்: இங்கே பிரேக் மிதிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு தப்படி தள்ளி நின்று, முரளியைக் கூப்பிட்டாள்.

"ரேஸ் பேட் வாங்கினது நீங்கதானே? உங்க மொபைலை இங்க வைங்க."

"எதுக்குங்க?"

"வண்டி இதுக்கு முன்னாடி நிக்கணும். மனுஷங்களை நிக்க வைக்க ரூல்ஸ்ல இடமில்லை. நம்பிக்கை இருந்தா வைங்க."

முரளி என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். சாமிக்குப் படைப்பது மாதிரி மொபைலைக் கீழே வைத்தான். அடியில் கர்ச்சீஃப் வேறு.

கிளம்பினேன். செங்கல் வந்தது, மிதித்தேன். கார் சத்தமே இல்லாமல் நின்றது. இறங்கிப் பார்த்தால் பம்பருக்கும் மொபைலுக்கும் நடுவில் ஓர் ஆள் தாராளமாகப் படுக்கலாம். "இன்னொரு தடவை" என்றாள் கஸ்தூரி. அடுத்த தடவையும் நின்றது. கஸ்தூரி நேராகக் காருக்கு வந்தாள். கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

"போலாம்க்கா. அந்த அக்கவுண்ட்ஸ்காரர் கதை பாதியிலயே நிக்குது."

அந்த ஒரு வரிக்காக நான் நாலு செட் பேட் மாற்றியிருப்பேன்.

இப்போது யாராவது என்ன பேட் போடலாம் என்று கேட்டால், நான் திருப்பி ஒன்றுதான் கேட்கிறேன்: பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள்?

முரளி இரண்டு நாளாக ரேஸ் டயர் வீடியோ பார்க்கிறானாம்... கார் சாவி இப்போது என் ஹேண்ட்பேகில்தான் தூங்குகிறது.