கட்டைவிரலார் ஊறவைத்த டயர்கள்

கையில் எது அகப்பட்டாலும் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். ரொட்டி, தலையணை, சோப்பு, பேருந்து இருக்கை எதுவும் தப்பாது. கல்யாணமான புதிதில் மனைவியின் கன்னத்தையும் அமுக்கி, "நாப்பது இருக்கும்" என்றார். தன் வயதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சொன்னது ரப்பர் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. அதற்காக அவளுக்குச் சந்தோஷம் ஒன்றும் வந்துவிடவில்லை.

பகலில் அவர் ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பவர். மற்ற நேரமெல்லாம் கார்ட் டயர்களை ஊறவைப்பவர். கார்ட் என்பது பந்தய வண்டி, ஆனால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையோடு தரையாக ஒரு இருக்கை, நாலு குட்டிச் சக்கரம், புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம், மேலே தன்னை மறந்த ஒரு மனிதர், அவ்வளவுதான். புது டயர் விறைப்பாக இருக்கும், வளைவில் வழுக்கும். மருந்து தடவி ஊறவைத்தால் ரப்பர் இளகி, தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அவர் ஊர்ப் பந்தயத் திடலில் இதற்குத் தடை இல்லை. அளவு மீறினால் நாலே சுற்றில் டயர் கொப்புளம் போட்டுவிடும். அதுதான் தடை.

எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. கைக்கடிகாரம் அளவில் வட்டமாக இருக்கும். அதன் ஊசிமுனையை ரப்பரில் அழுத்தினால் முள் எண்ணைக் காட்டும். எண் குறையக் குறைய இளக்கம் அதிகம். அவர் பிடிக்க வேண்டியது நாற்பத்து நான்கு. அவரிடமும் அந்த மீட்டர் இருந்தது, மேசை இழுப்பறையில், பழைய சாவிகளோடு. அவருக்கு எதற்கு மீட்டர்? விரலை வைத்து "நாப்பத்தாறு" என்பார், மீட்டர் வைத்திருப்பவர்கள் வைத்துப் பார்த்தால் நாற்பத்தாறு இருக்கும். திடலில் அவருக்குக் கட்டைவிரலார் என்றே பெயர். வீட்டுக்கு வந்த கடிதத்தில்கூட ஒருவன் அப்படித்தான் எழுதியிருந்தான்.

வீடு பட்ட பாடு தனிக்கதை. டயருக்குள் மருந்தை ஊற்றி, அது எல்லாப் பக்கமும் பரவ மெதுவாக மணிக்கணக்கில் உருட்ட வேண்டும். அதற்கு ஒரு மோட்டார் தேவைப்பட்டது. துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒன்று சும்மா இருந்தது என்பது அவர் கட்சி. மூன்று மாதம் அவள் கையால் துவைத்தாள். வெளிப்பக்கம் மருந்து தடவிய டயரை, மிச்ச உணவை மூடிவைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் வெதுவெதுப்பான இடம் படுக்கையறை. மருந்தில் வலித்தைல வாடை. விருந்தாளிகள் நுழைந்ததும், "யாருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு?" என்று கேட்பார்கள். அவள் சிரித்துவைப்பாள். நாலு பேர் முன்னால் பேச அவளுக்கு எப்போதும் நா எழாது. ஆனால் பார்ப்பதற்கு நா தேவையில்லையே.

வண்டி ஓட்டுவது அவள் தம்பி. தொழிலில் தையல்காரன், எடையில் அவன் தைக்கும் சட்டையைவிடக் கொஞ்சம் அதிகம். போன இரண்டு பந்தயத்திலும் முன்னால் போய்க்கொண்டிருந்தவன் பாதியில் டயர் கொப்புளம் போட்டதால் பின்தங்கினான். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டுக்கு வந்து, காபியைக் கையில் வாங்கும்வரை பொறுத்துச் சொன்னான்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தடவையும் கொப்புளம் போட்டுச்சுன்னா நான் சோடாபுட்டிகிட்ட போயிடுவேன்."

சோடாபுட்டி என்பது தடித்த கண்ணாடி போட்ட இன்னொரு டயர்க்காரர். சொந்த மைத்துனனே அங்கே போய்விட்டால் கட்டைவிரலாரிடம் வேறு எவன் வருவான்?

"போடா போ. அவனுக்கு டயர் எது, வடை எதுன்னே தெரியாது… கண்ணாடியக் கழட்டினா தன் காலையே டயர்னு ஊறவச்சிருவான்" என்றார் அவர். ஆனால் குடித்து முடித்த காபித் தம்ளரை மறுபடி எடுத்துக் குடிக்கப் பார்த்தார். அவள் அதைக் கவனித்தாள்.

அந்த வாரம் நாலு டயரையும் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். காலையில் ஒரு பூச்சு, மாலையில் ஒரு பூச்சு. வியாழக்கிழமை பிளாஸ்டிக்கைப் பிரித்து அமுக்கிவிட்டு, "இன்னும் கல்லு மாதிரி இருக்கே" என்று மூன்றாவது முறையும் உள்ளே ஊற்றினார். பிறகு சாப்பிட உட்கார்ந்து, வழக்கம்போல ரொட்டியை அமுக்கினார்.

"நேத்து வாங்கினதா? காஞ்சுபோய்க் கெடக்கு."

அடுமனையிலிருந்து அவள் வாங்கி வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. ஆவிகூட அடங்கவில்லை. அவள் ரொட்டியைப் பார்த்தாள், பிறகு அந்த விரலைப் பார்த்தாள். கையுறை போடாமல் பதினெட்டு வருடம் மருந்தில் குளித்த விரல், மெழுகு பூசினாற்போல் மினுமினுத்தது. முந்தின நாள் அவர் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கிவிட்டு முகம் சுளிக்காமல் போனதும் நினைவுக்கு வந்தது.

அவர் குளிக்கப் போனதும் இழுப்பறையைத் திறந்து மீட்டரை எடுத்தாள். டயரில் அழுத்தினாள். முப்பத்தேழு. இன்னொன்று, முப்பத்தேழு. எண் தப்பாகத் தெரிகிறதோ என்று முந்தானையால் மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். முள் அசைவதாக இல்லை.

"ஏங்க, மீட்டர் முப்பத்தேழு காட்டுதுங்க."

தலையைத் துவட்டிக்கொண்டே, "பேட்டரி தீந்திருக்கும்" என்றார் அவர்.

"அதுல பேட்டரியே கெடையாதுங்க."

"அதான், பேட்டரி இல்லாம எப்படிச் சரியா காட்டும்?"

இதற்கு மேல் அவரிடம் வாதாட முடியாது என்று அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை தம்பி டயர் எடுக்க வந்தபோது, மேசையில் இரண்டு பொருளை வைத்து, உருவம் தெரியாதபடி ஒரு கனத்த துண்டை மடித்து மூடினாள். கணவரிடம், "அமுக்கிப் பாத்து இதுல எது நம்ம டயர்னு சொல்லுங்க" என்றாள்.

"என்னடி இது, சர்க்கஸா?" என்றாலும் மைத்துனன் முன்னால் பின்வாங்க மனமில்லை. துண்டுக்கு அடியில் கட்டைவிரலை மட்டும் விட்டார். இடப்பக்கம் அமுக்கினார், வலப்பக்கம் அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"வலப்பக்கம் இருக்கறது என்னுது. நாப்பத்தி நாலு, ஒரு புள்ளிகூடக் கொறையல. இடப்பக்கம் ஏதோ செத்த டயரு."

அவள் துண்டை எடுத்தாள். இடப்பக்கம் அவர் ஊறவைத்த டயர். வலப்பக்கம் அவருடைய ரப்பர் செருப்பு.

தம்பி செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "மாமா, அப்ப நாளைக்கு ரெண்டு ஜோடி செருப்பு குடுங்க, மாட்டிட்டு ஓட்டறேன்" என்றான்.

"வாய மூடுடா" என்றார் அவர். கட்டைவிரலைப் பார்த்தார். அதை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பலமாகக் கடித்தார்.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிறு காலைப் பயிற்சியில் முப்பத்தேழைத்தான் மாட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் மூன்று சுற்று வண்டி ஒட்டிக்கொண்டு பறந்தது. திரும்பி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். நாலாவது சுற்றில் பின்சக்கரங்களில் அம்மை போட்டதுபோலக் கொப்புளங்கள். தம்பி வண்டியை ஓரங்கட்டினான். சோடாபுட்டி தன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தார்.

பந்தயத்துக்கு மூன்று மணி நேரம் இருந்தது. போன மாதம் கழற்றிய நாலு பழைய டயர்கள், கார்ட்டை ஏற்றிவந்த வண்டியில் கிடந்தன. கட்டைவிரலார் அவற்றைச் சுரண்டி, ஒரே ஒரு பூச்சு பூசி, வெயிலில் வைத்து உருட்டினார். பிறகு தானாகவே சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தார். அதை வீட்டிலிருந்து கொண்டுவந்தது அவர்தான். மனைவியிடம் நீட்டி, "பிடி. என் கண்ணுக்கு முள்ளு சரியா தெரியல" என்றார். கண்ணில் அவருக்கு ஒரு கோளாறும் இல்லை.

சுற்றிலும் ஆட்கள் நின்றதால் அவளுக்கு எண்ணை வாய்விட்டுச் சொல்ல வரவில்லை. சாக்பீஸை எடுத்து டயரின் பக்கவாட்டில் நாற்பத்தைந்து என்று எழுதினாள். தம்பி அதில் ஓட்டி மூன்றாவதாக வந்தான். டயரில் ஒரு கொப்புளம் இல்லை. இறங்கியதும், "சோடாபுட்டி கெடக்கட்டும். அடுத்த வருஷமும் எனக்கு அக்கா சாக்பீஸ்தான்" என்றான். மாமாவின் பெயரை அவன் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

கட்டைவிரலில் நரம்பு செத்துவிட்டது, உணர்ச்சி திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இப்போது அவர் கையுறை போட்டுத்தான் மருந்து கலக்கிறார், எண்ணை அவள் எழுதுகிறாள், டயர்கள் படுக்கையறையில்தான் இருக்கின்றன. ரொட்டியை இன்றைக்கும் அமுக்கிப் பார்த்து ஏதாவது சொல்கிறார். அதை வீட்டில் யாரும் நம்புவதில்லை.