பதினோராம் அத்தியாயத்தை எடுத்தது யார்

என் மூன்றாவது நாவலின் மெய்ப்பு கைக்கு வந்தபோது அதில் பதினோராம் அத்தியாயம் இல்லை. பத்து முடிந்ததும் பன்னிரண்டு. தவறி விட்டுப்போயிருந்தால் பொருளடக்கத்திலாவது அந்த வரி மிஞ்சியிருக்கும். அங்கேயும் இல்லை. யாரோ தெரிந்தே எடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பிறந்தவள். துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் கிளார்க். வேலை முடிந்து வந்து எழுதுவேன். எழுதுவதெல்லாம் இல்லாத ஊர்களின் கதைகள். இருக்கிற ஊரைப் பற்றி நேராகச் சொன்னால் இலக்கியக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்விடுகிறார். என் முதல் தொகுப்பில் ஓர் ஊர் வரும். அங்கே அரசாங்க அலுவலகங்களின் முகப்பு மேசைகள் வருகிறவரின் தோலைப் பார்த்து உயர்ந்துகொள்ளும். ஒரு பெண் தண்ணீர் பில் கட்ட ஏணியோடு போவாள். படித்தவர்கள் என்னிடம் கேட்டது, “பேய்க் கதையாக்கா?” இரண்டாவது புத்தகத்தில் ஓர் அடுக்குமாடி. மின்தூக்கி ஆளின் முகத்தைப் பார்த்து மாடியை முடிவு செய்யும். எங்கள் ஆட்கள் நான்காவது மாடியைத் தாண்டுவதே இல்லை. அதற்கும் பேய்க் கதை என்றுதான் பெயர்.

மூன்றாவதில் இனத்தை மாத வாடகைக்கு எடுக்கலாம். வீடு வாங்க ஒன்று, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க ஒன்று. இதற்குத் தரகர்கள் எல்லா இனத்திலும் உண்டு. எங்களில் ஒருவர் பெரிய தரகர், கோயிலில் முதல் மாலை அவருக்குத்தான். பதினோராம் அத்தியாயத்தில் அவர் வீட்டு வாசலில் கடல் தாண்டி வந்த புது ஆட்கள் வரிசையாக நின்று தங்கள் முகத்தை விற்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம்.

எங்கள் ஊரில் தமிழ்ப் புத்தகம் தனியாக வெளியே வராது. முன்பக்கங்களில் நான்கு வாழ்த்துரை, நான்கு கோட்டு சூட்டுப் படம். வெளியீட்டு விழாவில் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் முதல் பிரதியை வாங்கிக்கொள்வார். அதனால் கையெழுத்துப் பிரதி மூன்று இடங்களுக்குப் போயிருந்தது. விழா நடத்தும் சங்கத்தின் செயலாளர், டத்தோவின் அலுவலகம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் தட்டச்சு செய்து பக்கம் கட்டித் தரும் பெண். முதல் இரண்டு பேரைத்தான் சந்தேகப்பட்டேன். மூன்றாவது ஆள் என் நினைவுக்கே வரவில்லை.

செயலாளர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சனிக்கிழமை மதியம் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில்தான் இருப்பார். நேராகப் போய் எதிரில் நின்றேன்.

“சார், பதினொன்னு எங்க?”

“என்னா பதினொன்னு? மணி பன்னெண்டு ஆச்சு, உக்காரு சாப்பிடு.”

“என் அத்தியாயம். டத்தோவுக்கு உறுத்தும்னு எடுக்கச் சொன்னீங்களா?”

ரசத்தைக் கீழே வைத்தார். “ஏம்மா, நான் இன்னும் படிக்கவே இல்லலா. தலைப்பு பாத்தேன். நல்ல தலைப்பு.”

“பொய்.”

“சத்தியமா! நீ எழுதுறத ரெண்டு பக்கம் படிச்சா எனக்குத் தல சுத்துது. பிரஷர் மாத்திர சாப்பிடுற ஆளும்மா நான்.”

“யார் சொல்லி எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், “அக்கா, பாவம், அவர சாப்பிட விடுங்க. அப்பளம் நமுத்துப் போவுது” என்றார். கடையே சிரித்தது. எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

செயலாளர் கையைக் கழுவிவிட்டு வந்து கைப்பேசியை நீட்டினார். டத்தோவின் வாழ்த்துரை அன்று காலையில்தான் வந்திருந்தது. குடும்பப் பாசத்தையும் மொழிப்பற்றையும் ஊட்டும் இந்தச் சிறுகதைத் தொகுப்பை இளையோர் படித்துப் பயனடைய வேண்டும் என்று எழுதியிருந்தார். நான் எழுதியது நாவல். அதில் பாசமான குடும்பம் ஒன்றுகூடக் கிடையாது.

அவரும் படிக்கவில்லை. இரண்டு வாரமாக நான் தூங்காமல் இவர்களோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்னை அடக்க வேண்டும் என்று நினைக்கக்கூட இவர்கள் என்னைப் படிக்க வேண்டுமே. அதைக்கூடச் செய்யவில்லை.

அப்படியானால் மிச்சம் ஒரே ஆள்.

அவள் கடை இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கு மேல்மாடியில். கல்யாண அட்டை, கருமாதி நோட்டீஸ், நடுவில் எங்களைப் போன்றவர்களின் புத்தகம். தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். பதினோரு வருடமாகியும் விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்துத்தான் இங்கே இருக்கிறாள். இப்படி வந்தவர்களை நாங்கள் ‘ஊர்க்காரங்க’ என்போம். சொல்லும் விதத்தில் மரியாதை இருக்காது.

கேட்டதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

“நான்தான்க்கா எடுத்தேன்.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“எவ்வளோ குடுத்தாங்க?”

இப்போது திரும்பினாள். “கார்டுல மாப்பிள்ள படிப்பத் தப்பாப் போட்டா திட்டு வாங்குறவ நான். எனக்கு யாருக்கா குடுப்பா?”

“அப்ப எதுக்கு எடுத்த?”

“அந்த வரிசையில நிக்கிறவங்க எங்க ஆளுங்க. இருபத்தொரு பக்கம் நிக்கிறாங்க. ஒருத்தியாவது ஒரு வார்த்த பேசுறாளா? சிரிக்கிறாங்க, தலைய ஆட்டுறாங்க, வேர்வை நாத்தம்னு எழுதியிருக்கீங்க. தரகர் பேசுறாரு. உங்க கதாநாயகி பேசுறா. அவ வீட்டு நாய்கூடப் பேசுது.”

“அது கதைம்மா.”

“கதைன்னு தெரியும்க்கா. ஒவ்வொரு எழுத்தா தட்டுனது நான்தான.”

“என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“உங்ககிட்டயா?” சிரித்தாள். “போன புத்தகத்துல ஒரு சொல்லு மாத்தலாமான்னு கேட்டேன். நீ ஊர்க்காரி, எங்க தமிழ் ஒனக்கு என்னா தெரியும்னு கேட்டீங்க. கீழ தையக் கடை வரைக்கும் கேட்டுச்சு.”

ஆமாம், அப்படித்தான் கேட்டிருந்தேன். அதே வார்த்தைகள்தான்.

“என் புத்தகத்துல கை வைக்க உனக்கு உரிமை இல்ல.”

“இல்லதான். ஃபைல் இருக்கு. சொருகிடவா? ரெண்டு நிமிஷ வேல.”

சொருகு என்று சொல்லியிருப்பேன். அதற்கு முன்னால் அவள் சொன்னது பொய் என்று காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அத்தியாயத்தை அச்சடித்துத் தரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். வரிசையில் நிற்பவர் யாராவது வாயைத் திறக்கும் இடத்தை அடிக்கோடிட்டு அவள் முகத்தில் வீசலாம் என்று பேனாவை எடுத்துக்கொண்டேன். இருபத்தொரு பக்கமும் முடிந்தது. பேனா ஓரிடத்திலும் இறங்கவில்லை. ஒரு பக்கத்தில் என் கதாநாயகி மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையை இடித்துப் போகிறாள். எழுதும்போது நான் சிரித்த இடம் அது.

மேலே இருப்பவர்களை முறைத்தே பழகிய கழுத்து எனக்கு. கீழே குனியாது. என்னை யார் மிதிக்கிறார்கள் என்று மூன்று புத்தகம் எழுதினேன். என் காலுக்கடியில் யார் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இதை அவளிடம் சொல்லவில்லை. அவள் எடுத்தது தப்பு என்றுதான் அன்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன்.

அங்கிருந்தே செயலாளரைப் போனில் கூப்பிட்டு, புத்தகம் இப்போது வராது, விழா வேண்டாம் என்றேன்.

“டத்தோ தேதி குடுத்தாச்சு! பேனர் மாட்டியாச்சு!”

“கழட்டுங்க.”

“இனிமே சங்கத்துப் பக்கம் வந்துறாத, சொல்லிட்டேன்!”

சொன்னபடியே செய்தார். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் எனக்கு அழைப்பு இல்லை.

அத்தியாயத்தைத் திரும்ப எழுத நான்கு மாதம் பிடித்தது. வரிசையில் நிற்கும் ஒருத்திக்கு நான்கு பக்கம் பேச்சு கொடுத்தேன். தரகரைக் கிழித்துத் தொங்கவிடுகிறாள். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அவள் தட்டச்சு செய்து முடிக்கும்வரை பின்னால் நின்றேன். ஒரு சொல்லை மாற்றுகிறாளா என்று பார்த்துக்கொண்டேதான் நின்றேன். மாற்றவில்லை.

“எப்படி இருக்கு?”

“இப்பப் பேசுறா.”

“அப்புறம்?”

“நீங்க பேசுற மாதிரியே பேசுறா. எங்க ஆளு ஒருத்தி இங்க நின்னுக்கிட்டு இப்படிக் கத்துனா, மறுநா ஃபிளைட்ல ஏத்தி விட்டுருவாங்கக்கா. கத்துறதுக்கு உங்களுக்குக் குடியுரிமை இருக்கு, நீல ஐ.சி. இருக்கு.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். “சரி, நீயே சொல்லு. அவ எப்படிப் பேசுவா?”

அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “நாளைக்கு மூணு கல்யாண அட்டை குடுக்கணும்க்கா. இத அச்சுக்கு அனுப்பவா, வேணாமா?”

அவளுக்கும் தெரியாததால் சொல்லவில்லையா, தெரிந்ததை என் கையில் கொடுக்க மனமில்லாமல் சொல்லவில்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். இரண்டாவதாகத்தான் இருக்கும்.

அனுப்பு என்றேன்.