கிழக்கே வைத்த பெட்டி

ஹனோவரில் எங்கள் வீட்டு முன்னறையில், சுவாமிப் படங்களுக்குக் கீழே ஒரு நீலப் பெட்டி நிற்கிறது. சில்லு வைத்த சின்னப் பெட்டி. வீட்டுக்கு வருகிற எல்லாரும், "என்ன பத்மா, எங்கை பயணம்?" என்று கேட்கிறார்கள். பயணம் எனக்கில்லை. பெட்டி கமலநாயகி அக்காவுடையது. அக்கா பிராக் நகரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். ஆனால் இன்னும் போகவில்லை.

அக்கா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கலியாணம் பேசி இங்கே வந்த நாள் தொட்டு, ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை. கட்டிலுக்கு விரிப்பு மாற்றுவார், துவாய் மடித்து வைப்பார், கடைசியில் தலையணையில் ஒரு சொக்கலேட் வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார். இத்தனை வருடத்தில் ஒரு ஹோட்டல் கட்டிலிலும் அவர் படுத்ததில்லை.

ஒருநாள், யாரோ அறையில் விட்டுப்போன புத்தகம் ஒன்றை எனக்குக் காட்டினார். பிராக் நகரத்துப் படங்கள். பழைய கோட்டை, மணியடிக்கும்போது பொம்மைகள் வெளியே வரும் மணிக்கூண்டு, இரண்டு பக்கமும் சிலைகள் நிற்கும் கல்லுப் பாலம்.

"பார் பத்மா, பாலம் முழுக்கச் சாமிமார். வெள்ளனவே போனால் சனம் இருக்காதாம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொன்னால் பாலம் பாக்கிறது பேந்து. எனக்கு வேறை ஆரும் விரிச்ச கட்டிலிலை படுக்கவேணும். என்ர தலையணையிலையும் ஆரும் ஒரு சொக்கலேட் வைக்கட்டுமன்," என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆசை பெரிய ஆசையா? மூன்று நாள் விடுமுறை. மகள் தேனுஜா டிரெஸ்டனில் வேலை செய்கிறாள். அக்கா இங்கே ரயில் ஏறினால், அவள் வழியில் ஏறிக்கொள்வாள். ஆனால் வீட்டில் அக்காவின் கணவர் குருமூர்த்தி அண்ணை இருக்கிறார்.

அண்ணை நல்ல மனிதர். போன வருடம் இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு வீட்டோடுதான். பஞ்சாங்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஹனோவரில் எந்தத் தமிழர் வீடு மாறிப் பால் காய்ச்சினாலும் அவரிடம்தான் நாள் கேட்பார்கள். அக்கா முதல் சொன்ன நாள் அட்டமி என்றார். அடுத்த நாளுக்குச் சந்திராட்டமம் என்றார்.

"நான் மறிக்கேல்லையே. வடிவாப் போ. நாள்தான் சரியில்லை எண்டுறன்," என்பார். மறிக்காத மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அக்கா குசினிக்குள் போய்ப் புட்டு அவிப்பார்.

கடைசியில் தேனுஜா ஒருவரையும் கேட்காமல் ஒரு சனிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். அண்ணை போனிலேயே தொடங்கினார்.

"சனிக்கிழமை கிழக்கை சூலம், பிள்ளை. பிராக் கிழக்கைதானே இருக்கு?"

"அப்பா, ரெயினுக்குச் சூலம் தெரியாது."

"ரெயினுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அக்கா, "அப்ப பரஸ்தானம் வைப்பம்," என்றார். போகிற நாள் கூடாவிட்டால், அதற்கு முந்திய நல்ல நாளில் பயணப் பெட்டியைப் போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே பயணம் தொடங்கியதாகக் கணக்கு. எத்தனையோ பேருக்கு அண்ணையே சொல்லிக் கொடுத்த வழி அது.

எங்கள் வீடு அவர்கள் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் அக்கா பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"துவாய் வைக்கேல்லை பத்மா. அங்கை தருவினம். மூண்டு நாளும் நான் ஒரு துவாயும் மடிக்கமாட்டன்."

அவர் போன கையோடு அண்ணை போன் எடுத்தார். "பத்மா, உந்தப் பெட்டியைத் திறக்க விடாதையும். திருப்பி வீட்டை கொண்டுவரவும் விடாதையும். பயணம் முறிஞ்சுபோகும். வீட்டுக்குக் கூடாது." நான் ஓம் என்றேன்.

சனிக்கிழமை காலையில் அக்காவிடம் கொடுக்கப் பெட்டியை இழுத்துக்கொண்டு டிராம் தரிப்பில் போய் நின்றேன். ஒரு டிராம் போனது. அடுத்ததும் போனது. பிறகு போன் வந்தது.

"நீ வீட்டை போ பத்மா. இவருக்கு நெஞ்சுக்குள்ளை இறுக்கமாம். அம்புலன்ஸ் வந்திட்டுது." அக்கா அழவில்லை. கடையில் பால் முடிந்துவிட்டது என்பது போலச் சொன்னார்.

பின்னேரம் சாப்பாடு கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எல்லாம் பார்த்துவிட்டார்களாம். இருதயம் நன்றாகத்தான் இருக்கிறதாம். தனியே இருக்கப் பயமா என்று டொக்டர் கேட்டதற்கு அண்ணை முகட்டைப் பார்த்தாராம். அண்ணையின் ஒரு கை அக்காவின் சட்டைக் கையைப் பிடித்தபடி இருந்தது. அக்கா மற்றக் கையால், கழன்று கிடந்த கட்டில் விரிப்பின் மூலையை இழுத்து மெத்தைக்குக் கீழே செருகிக்கொண்டிருந்தார். அப்படிச் செய்வது அவருக்கே தெரியவில்லை. டிரெஸ்டனில் காத்து நின்ற பிள்ளை வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அண்ணை பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு வலித்திருக்கும். ஆனால் அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்தபோது, கதவில்லாத ஒரு அறைக்குள் அவரை யாரோ வைத்துவிட்டது போலத்தான் எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணை, "இனி என்ன, பெட்டியைக் கொண்டு வாவன்," என்றாராம்.

"கொண்டுவரக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்," என்றாராம் அக்கா.

அப்படியே பெட்டி எங்களோடு தங்கிவிட்டது. வேலை முடிந்து போகிற வழியில் அக்கா வருவார். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். திறக்கமாட்டார். "உதுதான் பத்மா என்ர உர்லாப்," என்று பகிடியாகச் சொல்வார். உர்லாப் என்றால் இங்கே விடுமுறை. கோப்பை பாதியாக முன்னம் அவருடைய போன் அடிக்கும். "எங்கை நிக்கிறாய்?" என்று அண்ணையின் குரல் எனக்கும் கேட்கும். அக்கா மிச்சத்தை ஒரே மிடறில் குடித்துவிட்டு எழும்புவார்.

அண்ணைக்கும் நிம்மதி இல்லை. அவருடைய கணக்கின்படி மனைவி இன்னும் வழியில் நிற்கிறார். நாள் கேட்க வருகிறவர்கள், "அக்கா பிராக்கிலையிருந்து வந்திட்டாவோ?" என்று பகிடி விட்டார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணையின் கக்கத்தில் பஞ்சாங்கம்.

"பத்மா, பரஸ்தானம் வைச்சுப்போட்டுப் போகாமல் விடுறது சரியில்லை. வாற புதன்கிழமை நல்ல நாள். தேனுஜாவுக்குச் சொல்லிப்போட்டன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"நானும் போறன்," என்றார் அண்ணை. "தனிய இருக்க ஏலாமல் கிடக்கு. இனி ஒளிச்சு என்ன?" என்றார். அந்தப் பெரிய மனிதர் அப்படிச் சொன்னபோது எனக்கும் நெஞ்சு இளகியது. கோபிக்க முடியாதது இன்னும் பெரிய பாரம். அக்காவுக்கு அது தெரியும்.

அண்ணை கையில் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையிலிருந்து சோறு காய்ச்சும் சின்னக் குக்கர் ஒன்றை எடுத்தார். "வெளிச் சாப்பாடு எனக்கு ஒத்துவராது. உதையும் கொஞ்ச அரிசியும் உந்தப் பெட்டிக்கை வைப்பம்." குனிந்து, பெட்டியைத் திறக்கச் சிப்பில் கை வைத்தார்.

அக்கா பெட்டியின் மேல் தன் கையை வைத்தார்.

"திறக்கக் கூடாது."

"என்ன?"

"பரஸ்தானம் வைச்ச பெட்டி. திறந்தால் பயணம் முறியும். வீட்டுக்குக் கூடாது."

அண்ணை குக்கரோடு நின்றார். பஞ்சாங்கத்தை ஒருமுறை பார்த்தார். அதில் வழி இல்லை.

"அப்ப நான் அங்கை என்னத்தைச் சாப்பிடுறது?"

"காலமை பாண் தருவினம். முட்டையும் தருவினம். நான் அறியாத ஹோட்டலே?"

அண்ணை குக்கரை என் மேசையில் வைத்தார். "இஞ்சை இருக்கட்டும் பத்மா," என்றார் மெல்ல.

இப்போது பெட்டியும் குக்கரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. காலையில் விளக்கேற்றும்போது அண்ணையின் நெஞ்சுக்காகப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். கையோடு, பிராக்கில் அந்த அறையைத் துப்புரவாக்கப் போகிறவர் தலையணைகளில் சொக்கலேட் வைக்க மறக்கக் கூடாது என்றும் கேட்கிறேன். அண்ணைக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. அவருடையதையும் அக்காவே சாப்பிடலாம்.

புதன்கிழமை காலையில் மறுபடியும் பெட்டியை இழுத்துக்கொண்டு டிராம் தரிப்புக்குப் போவேன். இந்த முறை இரண்டு பேருக்காகக் காத்து நிற்க வேண்டும்.