மணிக்கு அடுத்து என் பாட்டு

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் முதலில் ஒலிப்பது அவருடைய பாட்டுதான். அவர் பாடுகிறவர் இல்லை, புரொடியூசர். புதுக்கோட்டையில் கேசட் கடை வைத்திருந்து, கேசட் செத்ததும் சி.டி.க்கும், அதுவும் செத்ததும் யூடியூபுக்கும் தாவியவர். ஆல்பத்தின் படத்தில் சாமி ஓரமாக ஒதுங்கி நிற்கும். நடுவில் இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சாமி கோபித்துக்கொண்டதாக அப்போது தெரியவில்லை.

அவரிடம் நான் பல வருஷம் கோரஸ் பாடினேன். ஒரே ஒரு பாட்டாவது தனியாகப் பாடி, அது ஊர் கேட்க ஒலிக்க வேண்டும் என்பது என் ஆசை. நான் நச்சரித்ததில் அவருக்குக் காது புளித்திருக்கும். ஒருநாள் கூப்பிட்டார். "தங்கச்சி, குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு அய்யனார் பாட்டு வந்திருக்கு. நீயே பாடிரு."

பாட்டு மணியோசையில் தொடங்கும். மற்றவர்கள் கம்ப்யூட்டரிலேயே மணியடித்துவிடுவார்கள். இவருக்கு அது ஆகாது. கனத்த பழைய வெண்கல மணி ஒன்றைத் தூக்கிவந்து, மைக் முன்னால் தொங்கவிட்டு, தானே அடித்தார். விளிம்பில் ஒரு கீறல். அதனால் ஓசை அடங்கும்போது யாரோ தொண்டையைச் செருமுவது போலக் கேட்கும். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்போடு பாடினேன்.

அந்த ஊர்த் திருவிழா அன்றுதான் பாட்டு வெளியீடு. என் பாட்டு வரப்போவதை என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தார். பட்டுச்சேலையில் ஸ்பீக்கருக்கு நேர் கீழே போய் நின்றேன். மணி ஒலித்தது. அடுத்து என் குரல் வரவேண்டும். அதற்குள், பக்கத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்திருந்த பூசாரி பந்தியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"யோவ், நிப்பாட்டு! அது எங்க அய்யனார் மணிய்யா! காணாமப் போன மணி!"

அவரோடு வந்திருந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் எச்சில் கையோடு எழுந்துவிட்டார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட செருமல் அவர்களுக்குத் தெரியாதா? பாட்டு அங்கேயே நின்றது.

புரொடியூசரின் குடோனில் பல கோவில்களின் மணிகளும் விளக்குகளும் கிடைத்தன. ரெக்கார்டிங் என்று சொல்லிக் கோவில் சாவியை வாங்கி வேலையைக் காட்டியிருக்கிறார். மற்றதையெல்லாம் விற்கத்தான் சேர்த்து வைத்திருந்தாராம்; அந்த ஒரு மணியை மட்டும் ஓசைக்கு ஆசைப்பட்டுத் தனக்கென்று வைத்துக்கொண்டாராம். ஊரே அவரைத் திட்டியது. நான் மட்டும் திட்டவில்லை. "திருடன்தான், ஆனா எனக்குப் பாட்டுக் குடுத்தவரு" என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றேன். அந்தப் பாட்டையோ போலீஸ் எடுத்துப் போய்விட்டது. நானே அதை ஒருதடவைகூடக் கேட்டிருக்கவில்லை.

மணி அடித்ததைப் பார்த்த சாட்சி என்று என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பாட்டைப் போட்டார்கள். மணியோசை அடங்கியதும் வக்கீல் நிறுத்தினார்.

"நீங்க பார்த்த மணியோட சத்தம் இதுதானே?"

"ஆமாங்க. அய்யா, இன்னும் கொஞ்சம் ஓட விடுங்களேன். அடுத்து நான் பாடுவேன்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதியும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கூண்டில் நின்ற புரொடியூசர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பாட்டு ஓடியது. பல்லவி முடிந்து சரணம் வந்தது. நல்ல குரல்தான், சின்ன வயசுக் குரல். என் குரல் இல்லை. எனக்குத் தெரியாமல் வேறு யாரையோ பாடவைத்து எடுத்திருக்கிறார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பாடுனது நீங்கதானே?" என்றார் வக்கீல்.

"இல்லைங்க" என்றேன். பிறகு நீதிபதியைப் பார்த்தேன். "அய்யா, இதையும் அந்தத் திருட்டுக் கேசுலயே சேத்துக்கங்க."