மஞ்சள் பூசிய பேட்டரி

என் மாமியார் என்னிடம் நேராகப் பேசமாட்டார். மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் மரியாதையாம். எதுவானாலும் மகளிடம் சொல்வார், அவள் என்னிடம் சொல்வாள். ஆனால் அன்று காலை அந்த மகள் திண்டுக்கல்லில் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆபரேஷன் செய்து எங்களுக்குப் பெண் பிறந்திருந்தது. தாடிக்கொம்பு வீட்டில் நானும் அத்தையும் மட்டும். மாமா பூந்தோட்டத்துக்குப் போய்விட்டார். வாசலில் என் பழைய கார், கிளம்பமாட்டேன் என்று நின்றது.

அன்றைக்குத்தான் டிஸ்சார்ஜ். "ஆட்டோ தூக்கித் தூக்கிப் போடும், தையல் இழுக்கும். நம்ம வண்டியில வந்து கூட்டிட்டுப் போங்க. வேற எதுவும் வேணாம்" என்று மனைவி சொல்லியிருந்தாள். நானும் பெரிய மனுஷனாட்டம் தலையாட்டியிருந்தேன்.

பானெட்டைத் திறந்தால் பேட்டரி பூத்திருந்தது. இரண்டு முனையிலும் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. அதன் தலையில் பட்டையாக மஞ்சள்! ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங்குக்குப் பூசிய கை இதையும் விட்டுவைக்கவில்லை. யார் கை என்று கேட்கவா வேண்டும்?

கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டேன். மோதிரத்தைக் கழற்றினேன். முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. அத்தை ஆப்ப சோடா கரைத்த மக்கோடு வந்து குனிந்தார். தாலிச்சங்கிலி நழுவி பேட்டரிக்கு நேர்மேலே ஆடியது. தங்கம் இரண்டு முனையையும் தொட்டால் தீப்பொறி பறக்கும். பதற்றத்தில், "அதக் கழட்டிருங்க அத்தை!" என்று கத்திவிட்டேன்.

மாமனார் உயிரோடு குத்துக்கல்லாட்டம் இருக்கையில் மாமியாரைத் தாலியைக் கழற்றச் சொன்ன மாப்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தை என்னைப் பார்க்கவில்லை. "இந்தக் காரு என்ன பேச்சுப் பேசுது பாரு" என்று காரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, சங்கிலியை ரவிக்கைக்குள் போட்டு ஊக்குக் குத்திக்கொண்டார்.

பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு சோடாத் தண்ணீரை ஊற்றினேன். நுரை பொங்கியது. பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க, வழிந்த தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது.

"ஐயையோ மாப்ள, ரத்தம்!"

"ரத்தம் இல்ல அத்தை. மஞ்சளும் சோடாவும் சேந்தா அப்படித்தான்."

"ஆரத்திக்குச் சுண்ணாம்பு போட்டா செவக்குமே, அது மாதிரியா?"

"அதேதான்."

சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை. அதன்பிறகு பேச்சையும் நிறுத்தவில்லை. நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உள்ளே அளவு குறைந்த இடத்தில் காய்ச்சி வடித்த பேட்டரித் தண்ணீர் விடும்போது, "ஆத்தூர் டேம் தண்ணி குடத்துல இருக்கு, ஊத்துங்க. பச்சப்புள்ளைக்கே குடுக்கலாம்" என்றார். அது பிள்ளைக்கு ஆகும், பேட்டரிக்கு ஆகாது என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. சிவப்பை முதலில் மாட்டி, கறுப்பைக் கடைசியில் மாட்டி, பெட்ரோலியம் ஜெல்லி தடவினேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இருந்தாலும் அணைத்தால் மறுபடி கிளம்பாதோ என்ற பயம் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல், காரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். அத்தைதான் மேலே போய் அழைத்துவந்தார். மனைவி ஒரு கையில் பிள்ளையோடு, மறுகையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தாள். பின்சீட்டில் ஏறி உட்கார அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. அத்தை கையில் பைகள். இத்தனை நாள் கீழே போட்டுவிடுவேனோ என்று நான் தூக்கவே பயந்த பிள்ளையை, ஜன்னல் வழியாக என் கையில் வைத்துவிட்டாள்.

"வண்டி அதிருதுங்க, அணைங்க" என்றாள். அணைத்தேன்.

அப்பாடா, என்ன சூடு அந்தச் சின்ன உடம்பில்! என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு தூங்கியது.

எவ்வளவு நேரம் போனதோ. வெயில் ஏறுகிறதென்று அத்தை பக்கத்து இருக்கையிலிருந்து எட்டி, சாவியைத் திருப்பினார்.

"கெளம்பிருச்சு மாப்ள!"

"அணைச்சிருங்க அத்தை" என்றேன். "செத்த நேரம் கழிச்சுப் போவோம்."